ரொறன்ரோ மாநகரின் ‘மைவோட்’ இணையச் சேவை: புதிய குடிமக்களுக்கு எவ்வளவு உதவுகிறது?

நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் ரொறன்ரோவில் வீடு வாங்கலாம், சொத்துவரி கட்டலாம், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கலாம். ஆனால் மாநகரத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த பின்னரே அந்த உரிமை கிடைக்கிறது. என் மாமி 2023ஆம் ஆண்டு வசந்த காலத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்தார். அவர் முதன்முதலாக வாக்களித்தது அதே ஆண்டு ஜூன் 26ஆம் திகதி நடைபெற்ற மேயர் இடைத்தேர்தலில். அதற்கு ஆயத்தமாக நாங்கள் பயன்படுத்தியது மாநகர நிர்வாகம் நடத்தும் ‘மைவோட்’ என்ற இணையச் சேவை. அடுத்த பொதுத்தேர்தல் 2026 ஒக்டோபர் 26ஆம் திகதி வருவதால், முதன்முறை வாக்களிக்க இருப்பவர்களை மனதிற்கொண்டு இதனை எழுதுகிறேன்.

வீட்டு முகவரியை இட்டால், எந்த வட்டாரம், எங்கே வாக்களிக்க வேண்டும், யார் யார் போட்டியிடுகிறார்கள் ஆகிய மூன்றையும் இச்சேவை காட்டிவிடுகிறது. இதன் அருமை புதியவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ரொறன்ரோவில் 2018 முதல் 25 வட்டாரங்கள் உள்ளன. ஸ்காபரோவில் மட்டும் 20 முதல் 25 வரை ஆறு. எல்லை வீதி ஒன்றின் இருபுறமும் வசிக்கும் உறவினர்கள் வெவ்வேறு உறுப்பினரைத் தெரிவுசெய்பவர்களாக இருக்கலாம். மத்திய அரசுத் தேர்தலையும் மாகாணத் தேர்தலையும் மாநகரத் தேர்தலையும் நடத்தும் அமைப்புகள் வேறு வேறு என்பதால், சென்ற முறை பக்கத்து வீட்டுக்காரர் வாக்களித்த அதே மண்டபத்துக்குப் போனால் போதும் என்றும் இருந்துவிட முடியாது.

இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது மாதிரி வாக்குச்சீட்டைத்தான். இலங்கையில் வாக்களித்துப் பழகிய கண்கள் வாக்குச்சீட்டில் முதலில் தேடுவது சின்னத்தை. வீடு, யானை, வெற்றிலை, சைக்கிள் என்று பார்த்துப் புள்ளடி போட்ட தலைமுறைக்கு, சின்னமும் கட்சிப் பெயரும் இல்லாமல் வெறும் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக நிற்கும் தாள் மலைப்பைத் தரும். அந்த இடைத்தேர்தலில் போட்டியிட்டவர்கள் 102 பேர். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் பட்டியலைத் திறந்தபோது, மாமி திரையை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய், “இதில சின்னம் ஒண்டும் இல்லையே, பிள்ளை?” என்று கேட்டார். பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் அமைந்திருக்கும் என்பதை அப்போதே விளக்க முடிந்தது. நம்மவர்களுக்கு இது முக்கியமான செய்தி. 2023 நவம்பரில் 20ஆம் வட்டாரத்து இடைத்தேர்தலில் வென்ற பார்த்தி கந்தவேளை எல்லோரும் பார்த்தி என்றே சொல்வார்கள். ஆனால் வாக்குச்சீட்டில் அவரை ‘கந்தவேள்’ என்ற பெயருக்குரிய எழுத்தில்தான் தேட வேண்டும். வாக்குச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் நின்று தடுமாறுவதைவிட வீட்டில் ஆறுதலாக ஒருமுறை தேடிப் பழகிக்கொள்வது எவ்வளவோ மேல். மாமி தாம் தெரிவுசெய்தவரின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் தம் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.

வாக்காளர் பட்டியலைப் பொறுத்தவரை, சத்தியப்பிரமாணம் எடுத்தவுடன் பெயர் தானாகவே சேர்ந்திருக்கும் என்று எவரும் எண்ணிக்கொள்ளக் கூடாது. 2024 முதல் மாநகரத் தேர்தல்களுக்கான பட்டியலையும் ‘எலெக்சன்ஸ் ஒன்ராறியோ’ அமைப்பே பராமரிக்கிறது. அதன் இணையத்தளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம், இல்லையெனில் சேர்க்கலாம். அதைத் தவறவிட்டாலும் வாக்களிப்பு நாளன்று சாவடியிலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியும். கையில் இருக்க வேண்டியது பெயரும் ரொறன்ரோ முகவரியும் உள்ள ஓர் ஆவணம். படம் இருக்க வேண்டியதில்லை. சாரதி அனுமதிப்பத்திரம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டணப் பட்டியல், வங்கிக் கணக்கறிக்கை ஆகியவற்றுள் எதுவும் போதும். பலர் புத்தம்புதிய கனடியக் கடவுச்சீட்டைப் பெருமையோடு எடுத்துச் செல்ல விரும்புவார்கள். அந்தப் பெருமை எனக்கும் விளங்குகிறது. ஆனால் அதில் முகவரி அச்சிடப்பட்டிருப்பதில்லை என்பதால் அது மட்டும் போதாது.

குறை என்று சொன்னால், இச்சேவை யார் போட்டியிடுகிறார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. தேர்தலை நடத்தும் நிர்வாகம் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதால், வேட்பாளர்களின் கொள்கைகளை அது எடைபோட முடியாது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் எந்தப் பதவி எதற்கு என்பதை இன்னும் தெளிவாக, அதே பக்கத்திலேயே சொல்வது நடுநிலைக்கு ஒருபோதும் பங்கமாகாது. 2022 பொதுத்தேர்தலில் மேயர், வட்டார உறுப்பினர், பாடசாலைச் சபை அறங்காவலர் என மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றாவதைப் பலர் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். ரொறன்ரோவில் ஆங்கிலப் பொதுப் பாடசாலைகள், ஆங்கிலக் கத்தோலிக்கப் பாடசாலைகள், பிரெஞ்சுப் பொதுப் பாடசாலைகள், பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாடசாலைகள் என நான்கு சபைகள் இருப்பதும், ஒருவர் அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே வாக்களிக்கலாம் என்பதும் புதியவருக்கு எப்படித் தெரியும்? மாகாண அரசு 2022இல் மேயருக்குக் கூடுதல் அதிகாரங்களை வழங்கிய பின்னர் மேயர் தெரிவின் கனமும் கூடிவிட்டது. அதைப் பற்றியும் இரண்டு வரி இருந்தால் நன்று. அந்த 2022 தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதத்தினரே என்பதை நினைத்தால், இந்த விளக்கங்கள் எவ்வளவு தேவை என்பது புரியும். ஆகவே மைவோட்டில் பெயர்களைத் தெரிந்துகொண்ட பின், பேருந்து, குப்பை அகற்றல், நூலகம், சொத்துவரி ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார் என்பதை அவர்களுடைய இணையத்தளங்களிலும் விவாதக் கூட்டங்களிலும் நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

கணினியோடு பழக்கமில்லாத முதியவர்கள் 311 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இந்த வசதி உண்டு என்பது நம் முதியோரில் பலருக்குத் தெரியாது. சாவடிக்கும் உதவியாளர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

வேட்புமனுத் தாக்கல் ஓகஸ்ட் 21ஆம் திகதி முடிவடைவதால், அதற்கு முன்னர் பார்க்கும் பட்டியல் முழுமையானதாக இருக்காது. செப்டெம்பரில் ஒருமுறை ஆறுதலாகப் பார்த்துவிட்டு, வாக்களிக்கும் இடத்தை மட்டும் கடைசி வாரத்தில் மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாக்களிப்பு நாளன்று சாவடிகள் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும்; அன்று திங்கட்கிழமை என்பதால், நீண்ட நேர வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களே வசதியானவை.