டபிள்யூபிஏ2-வா, டபிள்யூபிஏ3-ஆ: வைஃபைக்கு எதை வைப்பது?

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) வயர்லெஸ் செக்யூரிட்டி பகுதியில், வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறைகளான இந்த இரண்டும் இருக்கும்.

டபிள்யூபிஏ2 2004-இல் வந்தது. ஏஇஎஸ் என்ற குறியாக்கத்தோடு (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை) வைத்தால் இன்றும் மோசமில்லை. பலவீனம் வேறிடத்தில். ஒரு சாதனம் இணையும்போது நடக்கும் நான்கு கட்டக் கைகுலுக்கலை (சாதனமும் ரூட்டரும் கடவுச்சொல்லைச் சரிபார்த்துக்கொள்ளும் செய்திப் பரிமாற்றம்) அருகிலிருப்பவர் பதிவு செய்துகொண்டு போய், தன் கணினியில் நிதானமாகக் கோடிக்கணக்கான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது. எட்டு எழுத்துச் சொல், அதுவும் கைப்பேசி எண் என்றால், சீக்கிரமே சிக்கிவிடும். 16 எழுத்துக்கு மேல், யூகிக்க முடியாததாக வையுங்கள். 63 வரை இடமுண்டு.

2018-இல் வந்த டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் ரூட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும். கடவுச்சொல் பின்னாளில் கசிந்தாலும், முன்பு பதிவான தரவைப் பிரித்துப் படிக்க முடியாது. போலிச் செய்தி அனுப்பி இணைப்பைத் துண்டிக்கும் வேலையும் எடுபடாது. இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளைக் காக்கும் மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பு இதில் கட்டாயம்.

சிக்கல், டபிள்யூபிஏ3 தெரியாத பழைய பிரிண்டரும் ஸ்மார்ட் பல்பும்தான். இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையிலும் சில இணைய மறுக்கும். அவற்றுக்கு மட்டும் டபிள்யூபிஏ2-வில் தனி கெஸ்ட் நெட்வொர்க்கை, வேறு கடவுச்சொல்லோடு திறந்துவிட்டு, முதன்மை நெட்வொர்க்கில் டபிள்யூபிஏ3 மட்டும் வைப்பதே என் தேர்வு. ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால் கலப்பு முறை போதும்.

டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தைத் தொடாதீர்கள்: பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்-ஸில் நின்றுவிடும். எதை வைத்தாலும் கடவுச்சொல் இல்லாமலே சாதனங்களை இணைக்கும் டபிள்யூபிஎஸ் பின் (PIN) வசதியை அணைத்துவிடுங்கள்; அந்த எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம்.