குறுநாவல் படித்துக் குறிப்பெடுக்க: கிண்டிலா, போனா, அச்சா?

பெரிய நாவல் என்றால் மின்னூல் படிக்கவென்றே அமேசான் தரும் கிண்டில் கருவி. விமர்சனம் எழுதுவதற்காக ஒரு குறுநாவலையோ நாற்பது பக்க மின்னூலையோ எடுத்தால் போனிலுள்ள கிண்டில் ஆப். இப்போது என் வழக்கம் இதுதான். கருவி பக்கத்திலேயே கிடக்கும், அதில் சார்ஜும் இருக்கும், இருந்தும் கை போனுக்குத்தான் போகிறது. "கிண்டிலை வாங்கி வைத்துக்கொண்டு போனில் படிக்கிறாயே" என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். பொழுதுபோக்கப் படிப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. படித்து முடித்ததும் அதைப் பற்றி நாலு பத்தியாவது எழுதிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கான பேச்சு இது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கண்ணுக்குக் கருவிதான் நல்லது, வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம், ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும், நடுவில் வாட்ஸ்அப் கூப்பிடாது. எடையும் குறைவு: 2022இல் வந்த சாதா ஆறு அங்குலக் கிண்டில் 158 கிராம்தான், இன்றைய போன்கள் பலவும் அதைவிடக் கனம். இத்தனையிலும் போன் தோற்றுவிட்டது, சரி. ஆனால் இதெல்லாம் அறுநூறு பக்கத்தை இரண்டு வாரம் இழுத்துப் படிப்பவர்களுக்குத்தான் பெரிய விஷயம். எண்பது பக்கம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அதற்குள் கண் எரிந்தால் வெளிச்சத்தைக் குறைத்து எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டால் போகிறது.

குறுநாவலுக்கு எழுதும்போது எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: எவ்வளவு சுலபமாகத் திரும்பிப் போக முடிகிறது என்பது. நாவலில் ஒரு அத்தியாயத்தை அசட்டையாகப் படித்திருந்தாலும் மொத்தத்தைப் பற்றி ஏதாவது பேசிச் சமாளிக்கலாம். குறுநாவலில் மூன்றாம் பக்கத்தில் மாமியார் போகிற போக்கில் சொல்லும் ஒரு வாக்கியம்தான் கடைசிப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அது என்ன வாக்கியம், அப்போது அறையில் யார் யார் இருந்தார்கள், அந்தத் தங்கை பாத்திரத்தின் பெயர் என்ன, இதைச் சரிபார்க்காமல் எழுதினால் எழுத்தாளரே வந்து திருத்துவார், நியாயமாகவே. நான் முதல் தடவை எதையும் குறிக்காமல் படித்துவிட்டு, இரண்டாம் தடவை குறிப்பெடுத்துக்கொண்டே போகிறவன். அந்த இரண்டாம் தடவையில்தான் கருவியும் போனும் பிரிகின்றன.

காரணம் கீபோர்டு. என்னிடமுள்ள கிண்டிலின் கீபோர்டு பட்டியலில் தமிழ் இல்லை. தமிழில் படித்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் ஒரு குறிப்பு போட வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாகத் தட்ட வேண்டும், அதுவும் கருவியின் மின்மை (இ-இங்க்) திரையில் ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வந்து விழும். அதனால் என்ன ஆகிறதென்றால், குறிப்பு சுருங்கிவிடுகிறது. "இங்க மாறுது", "பாட்டி மறுபடி", "ஏன்?" இப்படி. அன்றைக்கு அது போதுமென்று தோன்றும். பத்து நாள் கழித்து எழுத உட்கார்ந்தால் அந்த "ஏன்?" எதற்கான ஏன் என்று நமக்கே பிடிபடாது. பக்கத்தைத் திறந்து மறுபடி படித்து யோசிக்க வேண்டும்.

போனில் ஹைலைட் போட்டவுடன் நோட் பெட்டியைத் திறந்து மைக்கை அழுத்திப் பேசிவிடலாம். கூகுள் கீபோர்டின் தமிழ் வாய்ஸ் டைப்பிங் பரவாயில்லை, நன்றாகவே பிடிக்கிறது. புள்ளியும் காற்புள்ளியும் ஒழுங்காக வராது, பெயர்ச்சொற்களைச் சிலசமயம் கடித்துத் துப்பும், ஆனால் நமக்கு வேண்டியது அச்சுக்குப் போகும் தமிழ் இல்லையே. பேசும்போது குறிப்பு தானாக நீள்கிறது. "இந்த இடத்தில் அவன் அழவில்லை என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை, முந்தைய அத்தியாயத்தில் நாய் செத்ததற்கே அழுதவன்" என்று முழு வாக்கியமாக வந்துவிடும். அப்படி ஏழெட்டுக் குறிப்புகள் சேர்ந்தால் விமர்சனத்தின் பாதி எழுதியாகிவிட்டது, மீதி வேலை அடுக்குவதுதான். மின்சார ரயிலில் போகும்போது வாயைத் திறந்து பேச முடியாது, அப்போது விரலால் தமிழிலேயே தட்டிக்கொள்ளலாம்.

தேடலும் இதே கதை. போன் ஆப்பில் தேடல் பெட்டியில் "செண்பகம்" என்று தட்டினால் அந்தப் பெயர் வரும் இடங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும், எந்த அத்தியாயத்தில் காணாமல் போனாள் என்பதும் தெரிந்துவிடும். கருவியில் தமிழில் தட்ட வழியில்லாததால் ஒரு சுற்றுவழி: அந்தப் பெயர் கண்ணில் படும் ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போய், சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வரும் மெனுவில் தேடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடக்கும். ஆனால் தேடுவதற்காகவே முதலில் தேட வேண்டியிருக்கிறது. அதிலும் "செண்பகம்", "செண்பகத்தின்", "செண்பகத்தை" என்று வேற்றுமை ஏறும்போது சொல் மாறிவிடுகிறது. போனில் "செண்பக" வரை தட்டி நிறுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கருவியின் பக்கம் நிற்கிறவர்கள் இங்கே அதன் குறிப்புக் கோப்பைக் காட்டுவார்கள். கேபிள் மாட்டிக் கணினியில் திறந்தால் மை கிளிப்பிங்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும், கருவியில் நாம் போட்ட ஹைலைட் அத்தனையும் அதில் வரிசையாகச் சேரும், இணையமே வேண்டாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது சேர்த்துக்கொண்டே போகும், திருத்தவே திருத்தாது. ஒரு ஹைலைட்டை ஒரே ஒரு சொல் நீட்டித்தால் பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும், நடுவில் பத்து சமக்குறிகள் கோடு மாதிரி. அழித்த ஹைலைட்டும் அங்கே உயிரோடு இருக்கும். தமிழில் சொற்கள் நீளம், விரலை இழுத்துக் குறிக்கும்போது கடைசிச் சொல் விட்டுப்போவது சகஜம், ஆகவே ஒரே வாக்கியம் மூன்று வடிவத்தில் கிடக்கும். போனில் போட்ட ஹைலைட் இந்தக் கோப்புக்கு வருவதும் இல்லை. ஆப்பிலிருந்து குறிப்புகளை ஏற்றுமதி செய்தால் இப்போது இருப்பது மட்டும், அத்தியாய வரிசையில், சுத்தமாகக் கிடைக்கிறது.

ஏற்றுமதி என்றதும் ஒரு எச்சரிக்கை, இது கருவிக்கும் போனுக்கும் பொது. எவ்வளவு வரை வெளியே எடுக்கலாம் என்பதற்குப் பதிப்பாளர் வரம்பு வைக்கலாம், பல புத்தகங்களில் அது பத்து சதவீதம். லட்சம் சொல் நாவலில் பத்து சதவீதம் என்பது தாராளம், முட்டவே முட்டாது. பத்தாயிரம் சொல் குறுநாவலில் அது ஆயிரம் சொல்தான். பத்தி பத்தியாக மஞ்சள் பூசுகிறவர்கள் பாதிக் கதைக்குள் தீர்த்துவிடுவார்கள். அதன் பிறகு போட்ட ஹைலைட் புத்தகத்துக்குள் தெரியும், ஏற்றுமதியில் மட்டும் வராது. ஆகவே குறுநாவலில் நான் முழுப் பத்தியைக் குறிப்பதில்லை, முதல் இரண்டு சொல்லைத் தொட்டு ஹைலைட் போட்டுவிட்டு மிச்சத்தை நோட்டில் பேசிவிடுகிறேன். போனின் நோட் பெட்டி இங்கேயும் கை கொடுக்கிறது.

சரி, எல்லாவற்றையும் கிண்டில் ஆப்பில்தான் படிக்க வேண்டுமா? தமிழில் இன்று குட்டி மின்னூல்கள் அதிகம் கிடைப்பது அங்கேதான். 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்கள் கிண்டிலுக்கு வந்தன, அமேசானின் பென் டு பப்ளிஷ் எழுத்துப் போட்டியில் தமிழும் குறும்படைப்புகளுக்கென்று ஒரு பிரிவும் வந்த பிறகு எழுதுகிறவர்கள் குவிந்துவிட்டார்கள். சந்தா கட்டி இரவல் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் சொந்தமாகப் பதிப்பிக்கிறவர்கள் சேர்க்கும் மின்னூலை 90 நாள் ஒப்பந்தக் காலத்தில் வேறு எங்கும் மின்வடிவில் விற்கக் கூடாது என்பது விதி, ஆகவே அதையே வேறு கடையில் இ-பப் என்னும் பொது மின்னூல் வடிவத்தில் தேடிப் பயனில்லை. இலவசத்துக்கு ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் இருக்கிறது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இ-பப்பும் ஆறு அங்குல பிடிஎஃப்பும் தருகிறார்கள். பழைய இலக்கியத்துக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம். இரண்டிலும் யூனிகோடு கோப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்வது உத்தமம். எழுத்தாளர்கள் விமர்சனத்துக்கென்று அனுப்பும் பிடிஎஃப்தான் சிக்கல். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் பக்கம் அமைத்ததாக இருந்தால் திரையில் தமிழ் அழகாகத் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் "அம்மா" ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழும். மேற்கோள் காட்ட முடியாது, தேடவும் முடியாது. இ-பப் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டுவிடுவேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்பும் செண்ட் டு கிண்டில் சேவை 2022 முதல் இ-பப்பை வாங்கிக்கொள்வதால் அதுவும் அதே ஆப்புக்குள் வந்துவிடும்.

விலைக்கு வாங்குவதா, அன்லிமிடெடில் இரவல் எடுப்பதா என்பது தனிக் கேள்வி. எழுதப்போகிற புத்தகம் என்று முடிவானால் வாங்கிவிடுகிறேன். இரவல் எடுத்துத் திருப்பிக் கொடுத்த பிறகும் ஹைலைட்டுகள் நம் கணக்கிலேயே இருக்கும், அதில் குறையில்லை. ஆனால் சந்தேகம் வந்து மறுபடி திறக்கப் போகும்போது எழுத்தாளர் 90 நாள் முடிந்து புத்தகத்தை அன்லிமிடெடிலிருந்து எடுத்திருக்கலாம். இன்னொன்று, இரவலில் படித்தால் படித்த பக்கக் கணக்கில்தான் அவருக்குப் பணம், எண்பது பக்கத்துக்கு என்ன பெரிதாகத் தேறிவிடும். 49 ரூபாய்க்கும் 99 ரூபாய்க்கும் விற்கும் புத்தகத்தில் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. மாதிரிப் பக்கங்களைப் பார்த்து வாங்கலாமே என்றால், அது புத்தகத்தின் முதல் பத்து சதவீதம். குறுநாவலில் அந்த எட்டுப் பக்கத்தைக் காப்புரிமையும் சமர்ப்பணமும் அணிந்துரையும் என்னுரையும் தின்றுவிடும், கதையில் ஒரு வரி கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். வாங்கிய பின் ஒரு காரியம் செய்ய வேண்டும்: அமேசான் கணக்கில் தானாகப் புத்தகத்தைப் புதுப்பிக்கும் அமைப்பை அணைத்து வைப்பது. சொந்தமாகப் பதிப்பிக்கிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் திருத்திய பிரதியை ஏற்றலாம். நாம் பிழை என்று சுட்டிய வாக்கியம் எந்தப் பதிப்பில் இருந்தது என்று பேச்சு வந்தால் கையில் ஆதாரம் வேண்டும்.

அச்சுப் புத்தகத்தைக் கடைசியில் தள்ளியதற்கு அதன் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். மாறாதது, பென்சிலால் எழுதலாம், யாருக்கும் இரவல் கொடுக்கலாம். மின்னூலை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. ஆனால் மெலிந்த குறுநாவலைப் பழைய புத்தகக் கடையில் போட்டால் மட்டும் என்ன கிடைத்துவிடப் போகிறது. பத்திரிகையில் வந்த பழைய குறுநாவல்களுக்கு, உதாரணத்துக்குக் கணையாழியின் தி. ஜானகிராமன் நினைவுக் குறுநாவல் போட்டிக் கதைகளுக்கு, அச்சுத் தொகுப்பைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அப்போது போனின் கேமராவில் கூகுள் லென்ஸைத் திறந்து பக்கத்தைக் காட்டினால் தமிழ் எழுத்தாகவே எடுத்துத் தருகிறது, மேற்கோளைக் கையால் தட்ட வேண்டியதில்லை. துணைக்காலும் ர-வும் அதற்குக் குழம்பும், மெல்லிய தாளில் புள்ளிகள் காணாமல் போகும், ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டு போனை வைத்து. ஐபோனில் ஆப்பின் மெனுக்கள் கொஞ்சம் வேறு மாதிரி, அதில் நான் தொடர்ந்து படித்ததில்லை. ஆண்ட்ராய்டிலேயே ஓடும் மின்மைக் கருவிகள் வருகின்றன, பூக்ஸ் மாதிரி. அதில் தமிழ் கீபோர்டும் கிண்டில் ஆப்பும் சேர்ந்து ஓடும் என்றால் என் வாதத்தில் பாதி கழன்றுவிடும். கையில் வைத்துப் பார்த்ததில்லை, விலையும் குறைவில்லை. யாராவது அதில் ஒரு முழுக் குறுநாவலைப் படித்துத் தமிழில் நோட் போட்டு ஏற்றுமதி செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள், திரையில் எழுத்து எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்பதையும் சேர்த்து.