கருப்பராயனுக்குச் சுதையா, கருங்கல்லா?

குலதெய்வக் கோயில் திருப்பணி என்றாலே பங்காளிகளுக்குள் இந்தப் பஞ்சாயத்துதான்.

செலவு: சுதை, அதாவது சாந்தில் செய்யும் சிலை, மலிவு. திருமுருகன்பூண்டிக் கல் சிற்பம் கையைக் கடிக்கும்.

உழைப்பு: கல் தலைமுறை தாண்டும். சுதைக்கு அவ்வப்போது வண்ணம் பூசியே ஆகவேண்டும்.

சாயல்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. சுதையில் முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் அரிவாள். அசப்பில் எங்கள் அப்பாரு. கல்லில் வருவது சிற்ப சாஸ்திர முகம், ஊரில் யாருக்கும் இல்லாதது. அவரவர் சாமிக்கு அவரவர் சாயல்தானே! கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த திரேசியர் சாமிக்கு நீலக் கண், செம்முடி; எத்தியோப்பியர் சாமிக்குக் கறுப்பு நிறம், சப்பை மூக்கு என்று சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத் தத்துவஞானி செனோபனீஸ் சொல்லிவிட்டார். குதிரைக்குக் கை இருந்தால் குதிரைச் சாமியைத்தான் வரையுமாம்!

மூலவர் கல்லிலேயே இருக்கட்டும், எண்ணெயும் பாலும் தாங்கும். வாசல் காவலுக்குச் சுதை போதும். மீசையை மட்டும் அப்பாரு அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.