ஸ்பாஞ்சா, கேனிஸ்டரா? செர்ரியா, கிரிஸ்டலா? இறால் குஞ்சு பிழைக்க எது உதவும்

வீட்டில் அழகுக்காக இறால் தொட்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: "பெரிசெல்லாம் நல்லாத்தான் இருக்கு, முட்டையும் வைக்குது, குஞ்சைத்தான் காணோம்." மூன்று நான்கு வாரம் முட்டை சுமந்த பெண் இறால் ஒரு நாள் வயிறு காலியாக நீந்தும். ஆசையாகப் பாசிக்குள் தேடினால் இரண்டோ மூன்றோ தேறும். இருபது முப்பது முட்டை எங்கே போனது?

தொட்டிக்கு எதை வாங்கலாம் என்று ஒப்பிடும்போது நாம் பெரும்பாலும் வளர்ந்த இறாலை மனதில் வைத்தே யோசிக்கிறோம். அதுவோ பலதையும் பொறுத்துக்கொள்ளும். குஞ்சு பிறக்கும்போது சுமார் 2 மில்லிமீட்டர்தான். இரை தேடித் தொட்டியின் மறுகோடிக்குப் போகாது, நீரோட்டத்தை எதிர்த்து நிற்காது, வேகமாக வளர்வதால் அடிக்கடி ஓடு கழற்றும். அதனால் இங்கே ஒவ்வொரு ஜோடியையும் குஞ்சுக்கு எது நல்லது என்ற ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் எந்த இறால் என்பது. செர்ரி எனப்படும் நியோகாரிடினா வகைக்குப் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 6.5 முதல் 8 வரை சரிப்படும், ஜி.எச். (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை) 6 முதல் 10 வரை இருந்தால் போதும். கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா வகைக்கு இந்தத் தாராளம் கிடையாது. பி.எச். 6 சொச்சம், கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) கிட்டத்தட்ட பூஜ்ஜியம், ஜி.எச். 4 முதல் 6, வெப்பநிலை 20 முதல் 23 டிகிரி. இரண்டிலுமே குஞ்சுகள் பெரிய இறாலின் அச்சு அசலான சின்ன உருவமாகவே பிறக்கும், லார்வா என்ற இடைக்கட்டம் இல்லை. 1980களில் ஜப்பானியர் தகாஷி அமானோ பாசி தின்ன வைத்துப் பிரபலமாக்கிய அமானோ இறால் மட்டும் வேறு கதை. அதன் முட்டையிலிருந்து வருவது மிதக்கும் லார்வா. அது வளர உப்பு நீர் வேண்டும், வளர்ந்து உருமாறியபின் நன்னீருக்குத் திரும்ப வேண்டும். நன்னீர்த் தொட்டியில் அமானோ எத்தனை முறை முட்டை சுமந்தாலும் குஞ்சு தேறாது. அது உங்கள் தவறு இல்லை. முதல் முறை குஞ்சு பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு என் ஓட்டு செர்ரிக்குத்தான். கிரிஸ்டல் அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் அதைப் பழகும் காலத்தில் சாவது குஞ்சுகளாகவே இருக்கும்.

குழாய்த் தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீரா என்பது இனத்தைப் பொறுத்தது. செர்ரிக்கு, குளோரினை நீக்கும் மருந்து சேர்த்த குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் போதும். ஒரு இரவு பாத்திரத்தில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மை. தண்ணீரில் குளோரமின் கலந்திருந்தால் அது அப்படிப் போகாது, நீக்கும் மருந்து போட்டே ஆக வேண்டும். கிரிஸ்டலுக்கு ஆர்.ஓ. தண்ணீரும் அதில் கலக்கும் தாதுப் பொடியும் தேவை. தாது கலக்காத வெறும் ஆர்.ஓ. இரண்டு வகைக்கும் ஆகாது. சுண்ணாம்புச் சத்து போதாத இறாலுக்கு ஓடு கழற்றும்போது தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு வெள்ளை வளையம் விழும். அந்த வளையம் முழுச் சுற்றாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. பி.எச். எண்ணைத் துரத்திக்கொண்டு தினமும் எதையாவது ஊற்றுவதை விட, எண் கொஞ்சம் தள்ளியே இருந்தாலும் மாறாமல் நிற்கும் தண்ணீரே நல்லது.

இனி ஃபில்டர். குஞ்சு காணாமல் போவதற்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டரும் வெளியே நிற்கும் மூடிய டப்பாவான கேனிஸ்டரும் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைக்கும், அழுக்கை நன்றாக இழுக்கும். அதே இழுப்பு குஞ்சையும் இழுக்கும். உறிஞ்சு குழாயில் உள்ள பிளாஸ்டிக் வலை மீனுக்காகச் செய்தது, அதன் இடைவெளியில் குஞ்சு சிரமமே இல்லாமல் நுழையும். ஒரு முறை என் கேனிஸ்டரைக் கழுவத் திறந்தபோது, அடித்தட்டில் பதினைந்துக்கு மேல் சின்ன இறால்கள் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தன. தொட்டியில் ஒன்றுமே பிழைக்கவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்ட ஈற்று அது! அவை பிழைத்தது அதிர்ஷ்டம். தொங்கும் ஃபில்டரின் சுழலும் பாகத்தில் மாட்டுபவைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

உறிஞ்சு குழாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டினால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் உறை ஓரிரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும், நீரோட்டம் குறையும், அதை நீங்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீல் வலை அந்த அளவு அடைக்காது, ஆனால் கண்கள் பெரிதாக இருந்தால் புதுக்குஞ்சுக்கு அது திறந்த வாசல்.

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்கு நேர் எதிர். பார்க்க அசிங்கம், குமிழிச் சத்தம் போடும், தண்ணீரில் மிதக்கும் தூசியை அத்தனை வேகமாகப் பிடிக்காது. ஆனால் இழுப்பு மென்மை. அதை விட முக்கியம், அந்த ஸ்பாஞ்சின் மேல்பரப்பே குஞ்சுகளுக்குச் சாப்பாட்டு மேசை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் பாசியும் சேர்ந்த படலம் அதில் ஊறிக்கொண்டே இருக்கும், குஞ்சுகள் நாள் முழுக்க அங்கேயே ஒட்டிக்கொண்டு மேயும். வெப்பம் கூடும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அந்த நேரத்தில் குமிழிகளால் தண்ணீர் மேல்பரப்பு அசைவது கூடுதல் லாபம். மின்சாரம் நின்றாலும், மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியா சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும், திறந்த ஸ்பாஞ்ச் அப்படி இல்லை. குஞ்சு வளர்ப்புக்கு ஸ்பாஞ்ச்தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. ஒன்றே ஒன்று: அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெதுவாகப் பிழியுங்கள், பிழிவதற்கு முன் ஒட்டியிருக்கும் குஞ்சுகளைத் தட்டி விடுங்கள்.

தரைக்கு ஆக்டிவ் சாயில் என்ற தனி மண்ணா, சாதாரண மணலா? கிரிஸ்டலுக்கு சாயில், செர்ரிக்கு மணல் அல்லது சிறு கல். சாயில் பி.எச்.சைக் கீழே பிடித்து வைக்கும், ஆனால் முதல் சில வாரங்கள் இறாலுக்கு விஷமான அம்மோனியா விடும், ஓரிரண்டு வருடத்தில் சத்திழந்து மாற்றக் கேட்கும். அவ்வளவுதான் விஷயம்.

முட்டை சுமக்கும் தாயைத் தனி வலைப்பெட்டியில் போடுவதா, தொட்டியிலேயே விடுவதா என்ற கேள்விக்கு வருவோம். இந்தப் பெட்டிப் பழக்கம் கப்பி மீன் வளர்த்தவர்களிடமிருந்து வந்தது. கப்பி தன் குஞ்சையே தின்னும், பெட்டி அங்கே நியாயம். செர்ரி இறால் ஆரோக்கியமான குஞ்சைத் துரத்தித் தின்னாது. தாயைப் பிடித்து மாற்றும் பதற்றத்தில் அது முட்டையை உதறிவிடவும் கூடும். அப்படியே பொரித்தாலும், புத்தம்புதுப் பெட்டியின் வழவழப்பான சுவரில் படலம் எதுவும் இருக்காது. பசிக்கிறதே என்று நீங்கள் பொடி தூவுவீர்கள், அது அந்தச் சின்ன இடத்தில் அழுகும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது பட்டினியில் முடியும். தொட்டியிலேயே ஒரு கொத்து ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி போட்டால் ஒளிய இடமும் மேய இடமும் சேர்ந்து கிடைக்கும். தொட்டியில் மீன் இருந்தால் மட்டும் கதை மாறும். சின்னஞ்சிறு டெட்ரா கூடக் குஞ்சைப் பொறுக்கித் தின்னும், ஓட்டோசிங்க்லஸ் மாதிரி பாசி மேயும் மீனை நம்பலாம். அப்போதும் நான் தாயைப் பெட்டிக்கு மாற்ற மாட்டேன், மீனைத்தான் வேறு தொட்டிக்கு மாற்றுவேன்.

உணவில் குளிகை, பொடி, இலை என்று மூன்று வழி. குளிகை போட்டதும் பெரியவை மொய்த்துக்கொள்ளும், குஞ்சுகள் அந்தக் கூட்டத்துக்கே வராது. பொடி தண்ணீரில் பரவிப் பாசியில் படிந்து குஞ்சு இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும், ஆனால் கை கொஞ்சம் தாராளமானால் தண்ணீர் கெடும். காய்ந்த நாட்டு வாதுமை இலை மெதுவாக மக்கும், மக்க மக்க அதன் மேல் படலம் ஊறும். என் வழக்கம், இலை எப்போதும் கிடக்கும், பொடி வாரம் இரண்டு முறை ஒரு சிட்டிகை, குளிகை பெரியவைக்கு மட்டும். அப்புறம், கழற்றிப் போட்ட ஓட்டை எடுக்க வேண்டாம். அதையும் மேய்ந்து தாதுவைத் திரும்பப் பெறும்.

புதுத் தொட்டியா, பழைய தொட்டியா என்பதில் குஞ்சுக்குப் பழையதுதான். புதுத் தொட்டியில் அம்மோனியா, நைட்ரைட் என்ற விஷங்கள் பூஜ்ஜியம் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் பூஜ்ஜியம் வந்துவிட்டதாலேயே மேய்ச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கண்ணாடியைத் தடவினால் லேசாக வழுக்க வேண்டும், அதற்கு இரண்டு மாதமாவது பிடிக்கும். பின்பக்கக் கண்ணாடியைத் தேய்க்காமல் விட்டால் குஞ்சுகள் நன்றி சொல்லும்.

தண்ணீர் மாற்றுவதில், மாதம் ஒரு முறை பாதித் தொட்டியை மாற்றுபவர்களும் உண்டு, வாரம் பத்து சதவீதம் மாற்றுபவர்களும் உண்டு. திடீரென்று டி.டி.எஸ்.சும் (தண்ணீரில் கரைந்துள்ள தாது, உப்புகளின் அளவு) சூடும் மாறினால் தயாராக இல்லாத இறாலும் ஓடு கழற்ற ஆரம்பிக்கும். அடிக்கடி கழற்றும் குஞ்சுக்கு இது இரட்டை ஆபத்து. வாரம் பத்து சதவீதம், அதையும் மெல்லிய குழாயில் சொட்டு சொட்டாக விடுவது நல்லது.

செடி வாங்குவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. சட்டியில் வளர்ந்த செடி பெரிதாக இருக்கும், ஆனால் பூச்சிமருந்து பட்டிருக்கலாம், பிளனேரியா என்ற தட்டைப்புழு, குஞ்சைப் பிடிக்கும் ஹைட்ரா என்ற சின்ன உயிரி எல்லாம் ஒட்டி வரலாம். ஜெல்லில் வளர்த்த திசு வளர்ப்புச் செடி சின்னது, வேர் பிடிக்க நாளாகும், ஆனால் மருந்தும் பூச்சியும் இல்லாதது. சட்டிச் செடிதான் கிடைத்தது என்றால் இரண்டு வாரம் தனி வாளியில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே வையுங்கள்.

ஹைட்ரா ஏற்கெனவே வந்துவிட்டதா? ஒன்றிரண்டு என்றால் தீனியைக் குறைத்துப் பார்க்கலாம். கண்ணாடியெங்கும் கைகளை விரித்து நின்றால் புதுக்குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அப்போது ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்துதான் வழி. அளவோடு போட்டால் இறாலுக்கு ஒன்றும் ஆகாது. செம்பு கலந்த மீன் மருந்து பக்கமே போகாதீர்கள், அது இறாலையே கொல்லும். ஃபென்பெண்டசோல் போடுவதற்கு முன் நெரைட் நத்தைகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், அவற்றுக்கு அது விஷம்.