ஹாலோங் விரிகுடா இரவுப் படகு: 76 லட்சம் டாங் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

வியட்நாம் போகிறவர்கள், ஹாலோங் விரிகுடாவில் ஒரு ராத்திரி படகில் தங்கலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு பேருக்கு 76 லட்சம் டாங் (நம்ம காசில் ஏறத்தாழ 26,000 ரூபாய்) முழுசாக வாங்கிக்கொண்டார்கள். காட்டியது ஒரு படகு, ஏற்றியது இன்னொன்று, போன பாதையும் வேறு. திரும்பி வந்து கேட்டால் ஆளுக்கொரு பதில். எப்படிப் பதிவு செய்வது, எதையெல்லாம் சரிபார்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

ஹனோய் பழைய நகர்ப்பகுதியில், ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே உள்ள தெருக்களில், பத்தடிக்கு ஒரு டிராவல் கடை இருக்கும். அதில் ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே பெயர்ப்பலகையோடு நாலு கடை இருக்கிற ஊர் அது. பெயரைச் சொன்னால் சம்பந்தமே இல்லாத ஒருவர் மாட்டிக்கொள்வார்.

கேட்டது என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. "ஹாலோங் படகு" என்று பொதுவாக விற்பது ஒரே இடம் இல்லை. நடுவில் ஹாலோங் விரிகுடா: தி தோப் தீவு, சுங் சோட் குகை, எல்லாரும் போகும் பாதை. வடகிழக்கே பாய் து லோங் விரிகுடா: கூட்டம் குறைவு, வுங் வியெங் மிதவைக் கிராமம் இருக்கும் பக்கம். தெற்கே காட் பா தீவை ஒட்டி லான் ஹா விரிகுடா, அது ஹாய் போங் நகராட்சிக்குச் சேர்ந்தது. மூன்றிலும் சுண்ணாம்புக்கல் தீவுகள் ஒரே மாதிரிதான் நிமிர்ந்து நிற்கும். புகைப்படத்தைப் பார்த்து எது எந்த விரிகுடா என்று புது ஆளால் சொல்லவே முடியாது. அதைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

நாங்கள் கேட்டது பாய் து லோங் பாதை, இரண்டாம் தளத்தில் பால்கனி வைத்த அறை. கடையில் இருந்த பெண் மடிக்கணினியைத் திருப்பி வைத்து அந்த அறையைக் காட்டினார்: கண்ணாடிச் சுவரை ஒட்டிக் குளியல் தொட்டி, வெளியே இரண்டு பிரம்பு நாற்காலி. ரசீதில் படகின் பெயரைக் கையால் எழுதி, பக்கத்தில் பாதையையும் எழுதினார். கார்டை நீட்டியபோது, "கார்டு என்றால் 3 சதவீதம் கூடும், எதற்கு அக்கா வீணாக, காசாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார். 76 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் 2 லட்சத்து 28 ஆயிரம் டாங். வியட்நாமில் நிறைய கடைகளில் இந்த 3 சதவீதம் உண்மையிலேயே உண்டு, அதனால் சந்தேகம் வரவில்லை.

நம்பிக்கை வந்தது அடுத்த நிமிஷம்தான். ஐந்து லட்சம் டாங் நோட்டும் நீலம், இருபதாயிரம் டாங் நோட்டும் நீலம். எண்ணிக் கொடுத்ததில் ஓர் ஐந்து லட்சம் நோட்டு அதிகமாகப் போய்விட்டது. அந்தப் பெண் இன்னொரு தடவை எண்ணி, அந்த நோட்டைத் தனியே எடுத்து, பக்கத்தில் ஓர் இருபதாயிரம் நோட்டை வைத்து, "இரண்டும் பாருங்கள், டாக்சியில் கவனம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஐந்து லட்சத்தைத் திருப்பிக் கொடுத்த கை 76 லட்சத்தை அமுக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அந்த அக்கறையைத்தான் இப்போது நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

மறுநாள் காலை வேன் வந்தது. ஹனோயிலிருந்து விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். பாய் து லோங் போகும் படகுகள் பெரும்பாலும் ஹோன் காய் பக்கத்திலிருந்து கிளம்புபவை. அதற்கு வேன் வழக்கமாக பாய் சாய் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும். எங்கள் வேன் பாலத்தின் பக்கமே போகவில்லை. நகரத்துக்கு முன்னாலேயே வலது கைப் பக்கம் திரும்பி, கடலுக்குள் மண் கொட்டி மேடாக்கிப் போட்ட சாலை வழியாக துவான் சாவ் தீவுத் துறையில் கொண்டுபோய் இறக்கியது. அங்கேயே முடிந்துவிட்டது கதை. துறையில் நின்ற வழிகாட்டி சொன்னது: "உங்கள் படகு பழுது, அதே தரத்தில் வேறு படகு." படகில் ஏறியதும் வரவேற்பு மேசையில் சொன்னது: "அந்தப் படகு நிரம்பிவிட்டது." ஹனோய் திரும்பியதும் கடையில் சொன்னது: "காற்று, துறைமுக அதிகாரிகள் பாதையை மாற்றிவிட்டார்கள்." ஒரே மாற்றத்துக்கு மூன்று காரணம்! துறைமுக அதிகாரிகள் நிறுத்தினால் அந்தப் பாதையில் எல்லாப் படகும் நிற்கும். ஒன்று மட்டும் நின்று மற்றது போகாது.

கொடுத்த அறை கீழ்த்தளம், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்த சுவர். விளக்கை அணைத்த பிறகும் கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது, டீசல் நாற்றம் தலையணையில். ஜன்னல் என்பது கடல் மட்டத்துக்கு ஒரு கை மேலே ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் கொக்கிமேல் வெள்ளைப் பெயின்ட் அடித்து அடித்து இறுகிப்போய், திறக்கவே வரவில்லை. உயிர்காப்பு உடுப்பு அலமாரியின் மேல்தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால்.

பால்கனி இல்லை என்று புலம்புகிறேன் என்று நினைக்காதீர்கள். 2011 பிப்ரவரியில் இதே விரிகுடாவில், ஆட்கள் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது, நங்கூரம் போட்டு நின்ற ஒரு இரவுப் படகு விடியும் முன் மூழ்கி 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 19 அன்று திடீர் இடிமழையில் ஒரு பகல் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். கவிழும் படகில் உள்ளே இருப்பவனுக்குத்தான் ஆபத்து. திறக்காத ஜன்னலோடு கீழ்த்தள அறையை, மேல்தள அறையின் விலைக்கு விற்பது வெறும் பண மோசடி இல்லை.

பாதையும் அப்படித்தான். சுங் சோட் குகைக்குள் ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒருவர் வரிசையில் நகர்ந்தோம். தி தோப் தீவில் சுமார் 400 படி ஏறி உச்சிக்குப் போனால் கைப்பிடிக் கம்பி தெரியாத அளவு கூட்டம். அந்த இடங்கள் மோசம் என்று சொல்லவில்லை, பார்க்க வேண்டியவைதான். ஆனால் கூட்டம் இல்லாத பாதைக்கென்று தனி விலை வாங்கிவிட்டு அங்கே கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் என்ன? ராத்திரி நங்கூரம் போட்டதும் அங்கேதான், நாலு பக்கமும் படகு, நாலு பக்கமும் ஜெனரேட்டர்.

"இரண்டு பகல் ஒரு இரவு" என்று எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்கு ஏற்றுவார்கள். மறுநாள் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பதினொன்று, பதினொன்றரைக்குக் கரை. ஒரு முழு நாள்கூட இல்லை. அதிலும் கயாக் (துடுப்புப் போடும் சின்னப் படகு) கட்டணம் சேர்த்துத்தான் 76 லட்சம் என்று ரசீதில் இருந்தும், படகில் தனியாகக் கேட்டார்கள். குடிநீர் பாட்டிலுக்கும் கணக்கு. ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி மேசையில் வைத்துக்கொள்வதால், அந்தக் கணக்கைத் தீர்க்காமல் பாஸ்போர்ட் கைக்கு வராது. விவாதம் செய்ய இடமே இல்லை.

ஹனோய் திரும்பியதும் நேராகக் கடை. அந்தப் பெண் இல்லை. ஒரு பையன், "நான் புதிது, மேனேஜரிடம் பேசுங்கள்" என்றான். மேனேஜர் போனில், "படகுக்காரரிடம் கேளுங்கள்." படகுக்காரர், "கடையில்தானே பணம் கொடுத்தீர்கள், எங்களுக்கு வந்தது கீழ்த்தள அறைக்கான காசு மட்டும்தான்." இது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் யாரோ சொன்ன நிஜம். பிறகு ஸாலோ செயலியில் மேனேஜர் 5 லட்சம் டாங் தருவதாக எழுதினார். கொடுத்தது 76 லட்சம், தருவது 5! ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், "அடுத்த முறை வந்தால் தள்ளுபடி" என்றார். விமர்சனம் எழுதுவோம் என்றோம். எழுதினால் 5 லட்சமும் கிடையாது என்று பதில். அதற்கப்புறம் செய்தி போகவே இல்லை, தடை செய்துவிட்டார்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "அல்லது அதற்கு இணையான படகு" என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிதான் அவர்களுக்குக் கவசம். ரசீதில் நிறுவனத்தின் சிவப்பு முத்திரை கிடையாது, வரி எண் கிடையாது. காசாகக் கொடுத்ததால் வங்கியிடம் முறையிடவும் வழி இல்லை. 3 சதவீத அக்கறை எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

இது எப்படி நடக்கிறது என்றால்: கடைக்காரர் உங்கள் பணத்தை வாங்கும் நேரத்தில் எந்தப் படகிலும் இடம் பிடிப்பதில்லை. அன்று வந்த எல்லாரையும் சேர்த்து வைத்து, ராத்திரி தரகரிடம் தள்ளிவிடுகிறார். எந்தப் படகில் அறை காலியோ அங்கே மலிவு விலைக்கு ஏற்றுவார்கள். நடுவில் இருக்கும் வித்தியாசம் கடைக்கும் தரகருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பயணிகள் பட்டியலைத் துறைமுகத்தில் கொடுத்துத்தான் படகு கிளம்ப முடியும், அதற்கு பாஸ்போர்ட் விவரம் வேண்டும். உண்மையாகப் பதிவு செய்பவர் பணம் வாங்கியதும் பாஸ்போர்ட் படத்தைக் கேட்பார். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, துறையில் நின்றபோதுதான் கேட்டார்கள். கிளம்பும் முந்தின சாயங்காலம் வரை உங்களிடமும் கேட்கவில்லை என்றால் உங்களுக்குப் படகு இல்லை என்று அர்த்தம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இந்தக் கடுப்பில் அவ்வளவு பொறுமை வரவில்லை. அவசியமானது மட்டும்.

கடையில் கட்டாதீர்கள். படகின் சொந்த நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி, பெயர், அறை எண், தளம், விரிகுடா, ஏறும் துறை, ஐந்தும் எழுத்தில் வாங்குங்கள். கடை வழியாகத்தான் என்றால், முன்பணம் மட்டும், அதுவும் கார்டில். 3 சதவீதம் போனால் போகட்டும். வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துப்போக நிறுவனத்துக்கு சர்வதேசச் சுற்றுலா உரிமம் வேண்டும், உரிம எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் எழுந்துவிடுங்கள். "இணையான படகு" வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை புயல் காலம், இரவுத் தங்கல் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்று முன்னாலேயே கேளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் "அன் சாய்" என்று சொல்லுங்கள், வெறும் காய்கறி என்றால் மீன் சாறு ஊற்றித்தான் வரும்.

கீழ்த்தள அறை வேண்டவே வேண்டாம். அறைக்குள் போனதும் ஜன்னல் திறக்கிறதா, உயிர்காப்பு உடுப்பு கைக்கு எட்டுகிறதா பாருங்கள்.

இன்னொன்று. அங்கே படகுகள் பெரும்பாலும் வெள்ளை, 2012-ல் மாகாண நிர்வாகமே அப்படி அடிக்கச் சொன்னது. தூரத்திலிருந்து எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். ஹாலோங் படகு என்றால் பக்கவாட்டில் QN என்ற எழுத்துகளோடு நாலு இலக்கப் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, சிறுபடகில் கூட்டிப்போகும்போது ஒத்துப் பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் ஏறாதீர்கள், பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து விடாதீர்கள், துறைக்கே திரும்பி வந்து பேசுங்கள். ஏறிவிட்டால் அப்புறம் ஒரு மண்ணும் நடக்காது.