வட அட்லாண்டிக் கடல் மேற்பரப்பு வெப்பநிலை: எந்தத் தரவை எடுப்பது?

புதுச்சேரி காலாப்பட்டில் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிடும் ஈஆர்எஸ்எஸ்டி (ERSST), ஓஐஎஸ்எஸ்டி (OISST) என்ற இரண்டு தரவுத் தொகுப்புகளும் இலவசம், ஆகவே செலவைப் பற்றிப் பேச்சில்லை.

காலம்:
ஈஆர்எஸ்எஸ்டி: 1850கள் முதல், மாத சராசரி.
ஓஐஎஸ்எஸ்டி: 1981 செப்டம்பர் முதல், தினசரி.

முடிவை மாற்றுவது இதுதான். வட அட்லாண்டிக் பல பத்தாண்டுகள் சூடாகவும் அப்புறம் பல பத்தாண்டுகள் குளிர்ந்தும் ஊசலாடுகிறது. 1970, 80களில் குளிர்ச்சி. 1990களின் நடுவிலிருந்து சூடு. 1981-இல் தொடங்கினால் ஏற்றம் மட்டுமே தெரியும். அதில் ஊசல் எவ்வளவு, புவி வெப்பமாதல் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

நுணுக்கம்:
ஈஆர்எஸ்எஸ்டி: அட்சரேகை, தீர்க்கரேகையில் 2 டிகிரி கட்டம், கடலூர்–சென்னை தூரமே அதற்குள் அடங்கிவிடும்.
ஓஐஎஸ்எஸ்டி: கால் டிகிரி.

நம்பகம்:
ஈஆர்எஸ்எஸ்டி: பழைய பதிவுகள் கப்பல்களில் வாளியில் மொண்டு அளந்தவை, திருத்தம் செய்தும் சந்தேகம் மிச்சம்.
ஓஐஎஸ்எஸ்டி: செயற்கைக்கோளுடன் கப்பல், மிதவை அளவீடுகளும் உண்டு. மேகம் மறைத்த இடம் கணக்கிட்டு நிரப்பியது.

நீண்டகால ஊசலாட்டம் என்றால் ஈஆர்எஸ்எஸ்டி, சாதாரண லேப்டாப்பே தாங்கும். வட அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டமான வளைகுடா நீரோட்டத்தின் (கல்ஃப் ஸ்ட்ரீம்) விளிம்பு, கடல் வெப்ப அலை என்றால் ஓஐஎஸ்எஸ்டி. இரண்டையும் ஒட்டி ஒரே வரைபடமாக்குவது மட்டும் வேண்டாம்; 1981-இல் பொய்யாக ஒரு படி தெரியலாம்.