பாங்காக் ஐந்து நட்சத்திர ஹோட்டல்: மூடிக் கிடந்த லவுஞ்ச், என்னைக் கேட்காமல் அழுத்திய 'ரூபாய்' பட்டன்

வேலை விஷயமாகப் பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக 'கிளப் ரூம்', 'எக்ஸிகியூட்டிவ் ஃப்ளோர்' என்று கூடுதல் காசு கொடுத்து அறை எடுக்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். சின்ன லாட்ஜில்தான் ஏமாற்றுவார்கள், ஐந்து நட்சத்திர ஹோட்டலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால் அங்கே பில்லை உற்றுப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்கவும் தயங்குகிறோம். பாங்காக்கில் எனக்கு நடந்தது எல்லாம் அந்தத் தயக்கத்தை நம்பித்தான் நடந்தது. ஹோட்டலின் பெயரை எழுதவில்லை. இது ஒரு ஹோட்டலோடு நிற்கிற பழக்கம் இல்லை. பெயரைவிட எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் லவுஞ்ச் விஷயம். கிளப் ரூம் எடுத்தால் மேல் மாடியில் தனி லவுஞ்ச் இருக்கும். காலைச் சாப்பாடு, நாள் முழுக்கக் காபி, மாலையில் கொறிக்க ஏதாவது, அப்புறம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு சின்ன மீட்டிங் ரூம். இந்த மீட்டிங் ரூமுக்காகத்தான் நான் கிளப் ரூம் எடுத்தேன். நான் துணி ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். சாம்பிள்களை மேஜையில் விரித்து வைத்து, நல்ல வெளிச்சத்தில் வாங்குபவர் நிறம் பார்க்க வேண்டும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பொருத்தமான அறை வேண்டும் என்று ஹோட்டலின் சேல்ஸ் பிரிவுக்கு மெயில் எழுதிக் கேட்டேன். "கிளப் ரூம் எடுங்கள், லவுஞ்சில் இரண்டு மணி நேரம் மீட்டிங் ரூம் இலவசம்" என்று பதில் வந்தது. சாதாரண அறையைவிட ஓர் இரவுக்கு 2,000 பாட் (தாய்லாந்து நாணயம்) அதிகம். சரி என்று புக் செய்தேன்.

செக்-இன் செய்யும்போது ரிசப்ஷனில் இருந்த பெண் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "லவுஞ்சில் புதுப்பிப்பு வேலை நடக்கிறது சார். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே உள்ள ரெஸ்டாரண்டுக்குப் போகலாம். மாலையில் லாபி பாரில் இரண்டு பானம் எங்கள் செலவு." மீட்டிங் ரூம்? "அதுவும் லவுஞ்சுக்குள்தான் இருக்கிறது சார், இப்போது இல்லை. பிசினஸ் சென்டரில் அறை இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு 3,000 பாட், அதன் மேல் சர்வீஸ் சார்ஜ், வரி."

புதுப்பிப்பு வேலை எந்தக் கட்டடத்திலும் நடக்கும். அதில் எனக்குக் கோபம் இல்லை. அறைக்குப் போக லிஃப்டில் ஏறினேன். உள்ளே பித்தளைச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு இருந்தது. லவுஞ்ச் எந்தத் தேதியிலிருந்து மூடியிருக்கிறது என்று அதில் தெளிவாக அச்சடித்திருந்தார்கள். என் மெயிலுக்குப் பதில் வந்த தேதிக்கு முன்பே மூடிவிட்டார்கள். மூடிய லவுஞ்சைக் காட்டி என்னிடம் 2,000 பாட் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் அந்த அறிவிப்பைப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அந்த ஒரு படம்தான் பேச்சில் எனக்குக் கைகொடுத்தது.

டூட்டி மேனேஜரைப் பார்த்து, ஒன்று கூடுதலாக வாங்கிய பணத்தைக் கழியுங்கள், இல்லையென்றால் பிசினஸ் சென்டர் அறையை இலவசமாகத் தாருங்கள் என்று கேட்டேன். இரண்டும் முடியாது என்றார். சலுகைகள் முன்னறிவிப்பு இல்லாமல் மாறலாம் என்று விதிமுறையில் இருக்கிறதாம். விற்ற பிறகு மாறுவது வேறு, மாறிப்போனதை மறைத்து விற்பது வேறு என்று அவரிடமே சொன்னேன். சிரித்த முகம் மாறாமல், உங்கள் கருத்தை மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் மீட்டிங்கை லாபியில் வைத்துக்கொள்ளப் பார்த்தோம். முழங்கால் உயரத்தில் ஒரு காபி டேபிள், மஞ்சள் வெளிச்சம். வாங்குபவர் தரப்பில் வந்திருந்த மூத்த அம்மா, சாம்பிள்களை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் எழுந்து எழுந்து போய் நீல நிறத்தையும் கரு நீலத்தையும் பிரித்துப் பார்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பாதியில் பிசினஸ் சென்டர் அறையையே காசு கொடுத்து எடுத்தேன்.

இங்கே விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஹோட்டல் மெயிலில் வரும் விலைக்குப் பின்னால் '++' என்று இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் கூட்டல் சர்வீஸ் சார்ஜ், இரண்டாவது வரி. வரியைச் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகையின் மேல் போடுவார்கள். தாய்லாந்தில் 10% சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 7% வாட். 6,500 பாட் என்று பேசிய அறை, பில்லில் 7,650 பாட்டுக்கு மேல் வரும். சிங்கப்பூரில் 10% சர்வீஸ் சார்ஜுக்கு மேல் ஜிஎஸ்டி. அந்த ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9% ஆகிவிட்டது. ஆக, 100 டாலர் அறைக்கு 119.90 டாலர். இந்தோனேசியாவில் பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலும் மொத்தம் 21% ஏறும். ஹாங்காங்கில் நிறுத்தி வைத்திருந்த 3% அறை வரியை 2025 ஜனவரியிலிருந்து மறுபடி வாங்குகிறார்கள். மலேசியாவில் சர்வீஸ் வரி 8%. அது போக, வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். ஆன்லைனில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இதைப் பெரும்பாலும் ரிசப்ஷனில் தனியாகக் கேட்பார்கள். இதெல்லாம் ஏமாற்று இல்லை, சட்டப்படியும் வழக்கப்படியும் வாங்குவதுதான். ஆனால் பட்ஜெட் போடும்போது இந்தக் கூட்டலைச் சேர்க்காவிட்டால், ஊர் திரும்பி அக்கவுண்ட்ஸில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

உண்மையான ஏமாற்று செக்-அவுட்டில் நடந்தது.

பில் 40,000 பாட்டைத் தாண்டியிருந்தது. கார்டைக் கொடுத்தேன். ரிசப்ஷனில் இருந்த இளைஞர் கார்டை மெஷினில் செருகினார். மெஷினின் திரை அவர் பக்கம் இருந்தது. ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார், பிறகு மெஷினை என் பக்கம் திருப்பி "பின் நம்பர் சார்" என்றார். திரையில் பின் நம்பருக்கான நான்கு புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன, தொகை தெரியவில்லை. போட்டேன். ஸ்லிப் வந்தது. அதில் தொகை இந்திய ரூபாயில் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், "எந்த நாணயத்தில் கட்டுவது என்ற தேர்வு எனக்கு அளிக்கப்பட்டது, ரூபாயை நான் தேர்ந்தெடுத்தேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. யாரும் என்னிடம் எந்தத் தேர்வையும் அளிக்கவில்லை.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். வெளிநாட்டுக் கார்டு என்று மெஷின் கண்டுகொண்டதும், உள்ளூர் நாணயமா, கார்டுக்காரரின் சொந்த நாணயமா என்று கேட்கும். சொந்த நாணயத்தை அழுத்தினால், மாற்று விகிதத்தை அந்த மெஷினை நடத்தும் நிறுவனம் வைக்கும். அதில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும், ஒரு பங்கு ஹோட்டலுக்கும் போகும். நான் கொடுத்தது வெளிநாட்டுச் செலவுக்கென்றே வைத்திருக்கும், மார்க்-அப் கட்டணம் (வெளிநாட்டு நாணயச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்) இல்லாத கார்டு. விசா கார்டு நிறுவனத்தின் அன்றைய மாற்று விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 6% அதிகம். ஒரே அழுத்தலில் 6,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இது போதாதென்று, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனை என்று என் வங்கி தனியாக 1% கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போட்டது. பல இந்திய வங்கிகளில் இந்தக் கட்டணம் உண்டு. ரூபாயில் கட்டினால் நமக்குப் பாதுகாப்பு, எவ்வளவு போகிறது என்று உடனே தெரியும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். தெரிவது மட்டும்தான் லாபம்.

விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும் ஒன்றுதான்: எந்த நாணயம் என்பதைக் கார்டு வைத்திருப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைக்காரர் அவருக்குப் பதிலாக அழுத்தக்கூடாது. அதைச் சொல்லி, இதை ரத்து செய்துவிட்டு பாட் கணக்கில் மறுபடி போடுங்கள் என்றேன். "சிஸ்டம் தானாக எடுத்துக்கொண்டது சார், மாற்ற முடியாது." அவர் பட்டனை அழுத்தியதை நான் பார்த்தேன். மறுபடியும் அதே டூட்டி மேனேஜர், அதே சிரிப்பு. வெளியே கார் காத்திருந்தது, சுவர்ணபூமி விமான நிலையம் முப்பது கிலோமீட்டர் தூரம். இந்த அவசரத்தை அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஹோட்டல் வைத்துக்கொள்ளும் பிரதியில் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்துப் போடாமல், "பாட் கணக்கில் கட்டக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள்" என்று அதன் ஓரத்தில் எழுதித் தேதி போட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதை அங்கே முடியவில்லை. அன்று மாலை கோலாலம்பூர் ஹோட்டலில் செக்-இன் செய்யும்போது கார்டு வேலை செய்யவில்லை. லிமிட் இல்லை என்று வந்தது. வங்கிக்குப் போன் போட்டதும் காரணம் தெரிந்தது. பாங்காக் ஹோட்டலில் செக்-இன் அன்று முழுத் தங்கலுக்கும் சேர்த்து ஒரு தொகையை 'ப்ரீ-ஆத்' என்று பிடித்து வைத்திருந்தார்கள். இது எல்லா இடத்திலும் வழக்கம்தான். முறைப்படி, கடைசி பில்லை அந்தப் பிடித்த தொகையிலிருந்தே எடுத்துவிட்டு மிச்சத்தை விட வேண்டும். இவர்கள் ரூபாயில் புதிய பரிவர்த்தனையாகப் போட்டதால், பழைய பிடிப்பு அப்படியே நின்றது. ஒரே பில்லுக்கு இரண்டு மடங்கு லிமிட் அடைபட்டுப் போனது. ஹோட்டல் விடுவிக்காவிட்டால் இப்படிப்பட்ட பிடிப்பு 30 நாள் வரைகூட நிற்கலாம். டெபிட் கார்டாக இருந்தால் இன்னும் மோசம், நம் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கிவிடும். கையில் வேறு வங்கியின் இன்னொரு கார்டு இருந்ததால் அன்றிரவு அறை கிடைத்தது. இல்லாதவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன். மறுநாள் காலை வாடிக்கையாளரைப் பார்க்கப் போக வேண்டிய மனிதரை, ராத்திரி ரிசப்ஷன் முன்னால் பெட்டியோடு நிற்க வைக்கிற காரியம் இது.

ஊருக்கு வந்ததும் வங்கியில் டிஸ்ப்யூட் போட்டேன், அதாவது இந்தப் பரிவர்த்தனையை ஏற்கவில்லை என்று புகார் கொடுத்தேன். ஓரத்தில் எழுதிய ஸ்லிப்பின் படம், அன்றைய விசா விகிதம், பாட் கணக்கில் இருந்த ஹோட்டல் பில், மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். பல வாரம் இழுத்தது, ஆனால் நாணய மாற்றில் போன வித்தியாசத் தொகை திரும்ப வந்துவிட்டது. வங்கி போட்ட 1% கட்டணத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. லவுஞ்ச் பணத்துக்கு, லிஃப்ட் அறிவிப்பின் படத்தையும் சேல்ஸ் பிரிவின் மெயிலையும் ஹோட்டலின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அடுத்த முறை தங்கும்போது தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். அடுத்த முறை அங்கே தங்கப்போவதில்லை, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன்.

நீங்கள் கிளப் ரூம் எடுப்பதாக இருந்தால், "நான் தங்கும் தேதிகளில் லவுஞ்ச் திறந்திருக்குமா, மீட்டிங் ரூம் கிடைக்குமா, மூடியிருந்தால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்" என்று மெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகு புக் செய்யுங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது. விலையை எல்லாம் சேர்த்த தொகையாகக் கேளுங்கள். புக்கிங் தளத்தில் முன்பணமாகக் கட்டினால் அறைக்கான பில்லைப் பெரும்பாலும் ஹோட்டல் தராது, தளத்திடம்தான் வாங்க வேண்டியிருக்கும். கம்பெனி பெயரில் பில் வேண்டியவர்கள் இதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். செக்-இன்னில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்டு, அந்த ஸ்லிப்பை பத்திரமாக வைத்திருங்கள்.

கார்டைக் கொடுக்கும்போதே "உள்ளூர் நாணயத்தில் மட்டும்" என்று சொல்லுங்கள். மெஷினைக் கையில் வாங்கி, தொகையையும் நாணயத்தையும் கண்ணால் பார்க்காமல் பின் நம்பர் போடாதீர்கள். முடிந்தவரை கிளம்புவதற்கு முந்தைய மாலையே பில்லைக் கேட்டுச் சரிபார்த்துப் பணத்தைக் கட்டிவிடுங்கள். மெஷினில் அன்றைய கணக்கை முடிப்பதற்குள் என்றால் தவறான பரிவர்த்தனையை ரத்து செய்து சரியாக மறுபடி போட்டுவிடலாம். கணக்கு முடிந்த பிறகு ரீஃபண்ட் மட்டும்தான் தருவார்கள், அது வேறொரு நாள் விகிதத்தில் குறைந்து வரக்கூடும்.